ஆரி நேரலை வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் சேரப்போகிறவர்களுக்கும்: கேமரா துணிக்கு அடியிலும் வேண்டும்

ஆரி என்பது கொக்கி ஊசியால் துணியில் செய்யும் எம்பிராய்டரி. அதில் மேலே தெரிகிற கை பாதி வேலைதான் செய்கிறது. மீதிப் பாதி துணிக்கு அடியில், நூலைப் பிடித்திருக்கிற கையில் இருக்கிறது. 2020 ஊரடங்குக்குப் பிறகு ஜூமில் ஆரி வகுப்புகள் பெருகிவிட்டன. ஆனால் பல வகுப்புகளில் ஒரே ஒரு போன், அதுவும் தலைக்கு மேலே. ஊசி இறங்குவது தெரியும், சங்கிலித் தையல் (செயின்) விழுவது தெரியும், அது எப்படி விழுந்தது என்பது மட்டும் தெரியாது. கேட்டால் "கை பழகினா வந்துடும்" என்பார்கள். பழகும் கை தப்பாகப் பழகினால் அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

செயின் ஸ்டிச்சையே எடுத்துக்கொள்வோம். வலது கை ஊசியைச் செங்குத்தாக இறக்குகிறது. அடியில் இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்கும் நூலை ஊசியின் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றிய பிறகு ஊசியை அரைவட்டம் திருப்பி, கொக்கி இல்லாத முதுகுப் பக்கத்தைத் துணியின் துளையோடு லேசாக அழுத்தியபடி மேலே எடுக்க வேண்டும். வந்த வளையம் ஊசியிலேயே இருக்க, 2 மி.மீ. தள்ளி மறுபடி குத்து, சுற்று, திருப்பு, எடு. ஊசி மேலேறும்போது அடிக்கை நூலை முழுக்க விட்டுவிட்டால் வளையம் தொளதொளவென்று பெரிதாக வரும். இறுக்கிப் பிடித்தால் துணி சுருங்கும், அல்லது நூல் கொக்கியிலிருந்து கழன்றுவிடும். அந்த இழுவிசையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, விரலைக் காட்டித்தான் புரியவைக்க முடியும்.

"ஊசி வெறும் ஊசியா மேல வருது மேடம்" என்று ஒரு மாணவி சொன்னால் அதற்குக் குறைந்தது மூன்று காரணம் இருக்கலாம். நூல் கொக்கியில் உட்காராமல் அதற்கு மேலே தண்டில் சுற்றியிருக்கலாம். நூல் சுற்றும் முன்பே ஊசி திரும்பியிருக்கலாம். துணி தொய்ந்திருந்தால் ஊசி இறங்கும்போது துணியும் சேர்ந்து இறங்கி, அடிக்கைக்கு ஊசிமுனை சரியாக எட்டாமல் போகலாம். மேலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு. இன்னொன்று, கொக்கி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரியாமலே பலர் தைக்கிறார்கள். ஸ்க்ரூ வைத்த ஊசியானால் கொக்கி ஸ்க்ரூ இருக்கும் பக்கம் பார்க்கும்படி முடுக்குங்கள். வெறும் மரக்கைப்பிடியானால் கொக்கியின் நேர்கோட்டில் கைப்பிடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடம் இதற்குத்தான் போக வேண்டும்.

ஆகவே வகுப்பு எடுப்பவர்களிடம் முதல் கோரிக்கை: இரண்டாவது போன். துணியை மாட்டிய ஸ்டாண்டுக்கு அடியில் சின்ன ட்ரைபாடில், பின்கேமரா மேல்நோக்கி, துணியிலிருந்து 25 முதல் 30 செ.மீ. தள்ளி. அங்கே இருட்டாக இருக்கும், அதனால் ஒரு சிறிய எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். அந்தப் போனை வேறு பெயரில் வகுப்பில் சேர்த்து, அதன் ஆடியோவை இணைக்காமலே விட வேண்டும். மைக்கை மட்டும் அணைத்தால் போதாது, அதன் ஸ்பீக்கரில் வரும் குரலை முதல் போன் மறுபடி வாங்கி எதிரொலிக்கும். அடியிலிருந்து பார்க்கும்போது இடம் வலம் மாறித் தெரியும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது போனுக்கு வழியில்லை என்றால் அதற்கும் ஒரு உபாயம் இருக்கிறது. முதல் இரண்டு வகுப்பைக் காட்டன் துணியில் எடுக்காமல் வெள்ளை ஆர்கன்சாவில் எடுங்கள். சிவப்பிலோ கறுப்பிலோ தடித்த காட்டன் நூல். துணி கண்ணாடிபோல இருப்பதால் மேல் கேமராவிலேயே அடிக்கை விரல்கள் தெரியும். பட்டு நூலை அப்போதே கையில் கொடுக்காதீர்கள், அது வழுக்கும், பிரியும். அடிக்கை பழகிய பிறகு பட்டு நூலுக்கும் ஜரிகைக்கும் போகலாம்.

மேல் கேமராவை ஆசிரியருக்கு எதிரே வைத்தால் மாணவிக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். தோளுக்கு மேலிருந்து, ஆசிரியரின் கண் பார்க்கும் திசையிலேயே அது பார்க்க வேண்டும். முகம் தெரிய வேண்டியதில்லை. 10 செ.மீ. அகலத் துணி திரை முழுக்க நிறைந்தால்தான் ஒவ்வொரு செயினும் எண்ணத் தெரியும். விளக்கை ஜரிகைக்கு நேர் மேலே வைத்தால் அந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். சாய்வாக, ஒரு பக்கத்திலிருந்து வரட்டும்.

வெபினார், மீட்டிங் இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பணம் கட்டுகிறார்கள். ஜூமில் வெபினார் முறையில் சேர்பவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே. அவர்களுடைய வீடியோ ஆசிரியருக்கு வராது. மீட்டிங் முறையில்தான் மாணவியின் கேமரா திறக்கும். கைவேலைக்கு நேரலை எதற்கு? ஆசிரியரின் கையைப் பார்ப்பதற்கு என்றால் பதிவு செய்த வீடியோவே மேல்; நிறுத்திப் பார்க்கலாம், வேகம் குறைத்துப் பார்க்கலாம். ஆசிரியர் மாணவியின் கையைப் பார்க்க முடிகிறது என்பது ஒன்றுதான் நேரலைக்கு நியாயம். அது இல்லாமல் 200 பேரை உட்கார வைத்து நடத்துவதை வகுப்பு என்று விற்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 நிமிட வகுப்பில் ஒரு மாணவியின் கையை இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் பார்த்துத் திருத்த வேண்டும். 15 பேருக்கு 60 நிமிடம் போய்விடும். மீதி 30 நிமிடம் செய்முறை விளக்கத்துக்கு. 15 பேர் என்பதே மேல் எல்லை. 200 பேர் என்றால் செய்து காட்டவே நேரம் ஒதுக்காவிட்டாலும் தலைக்கு 27 விநாடிதான். சேரும் முன் கேளுங்கள்: எத்தனை பேர், என் கையைப் பார்ப்பீர்களா, எத்தனை முறை? பதில் சுற்றி வளைத்து வந்தால் அந்த வகுப்பில் சேர வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் வகுப்பையே கெடுப்பது. யாராவது பேசினால், அல்லது யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தால், திரை அவர்களிடம் தாவிவிடும். சரியாக முடிச்சுப் போடும் நேரத்தில் ஆசிரியரின் கை காணாமல் போகும். ஆசிரியர் தன் கேமராக்கள் இரண்டையும் ஜூமில் 'ஸ்பாட்லைட்' (Spotlight) செய்துவிட்டால் எல்லோர் திரையிலும் அவை நிலையாக நிற்கும். அவர் செய்யாவிட்டால் நீங்கள் உங்கள் திரையில் மட்டும் அவற்றை 'பின்' (Pin) செய்து நிறுத்திக்கொள்ளலாம்.

மாணவிகள் பக்கமும் தயாராக வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையச் சட்டத்தை வெறுமனே மடியில் வைத்துத் தைக்க முடியாது. ஸ்டாண்டு வாங்குங்கள், அல்லது வளையத்தை மேசை விளிம்பில் க்ளாம்ப் போட்டு இறுக்குங்கள். தட்டினால் 'டங்' என்று சத்தம் வரும் அளவுக்குத் துணி விறைப்பாக இருக்க வேண்டும். வளையத்தின் உள்வட்டத்தில் காடாத் துணி நாடாவைச் சுற்றினால் துணி நழுவாது. 1.5 ஜிபி தினசரி டேட்டா மட்டும் இருந்தால் இரண்டு மணி நேர வீடியோ வகுப்பு நடுவிலேயே நின்றுபோகலாம், அன்று காலையிலிருந்தே வேறு வீடியோ பார்க்காதீர்கள். பொருள் பட்டியல் படத்தோடு ஒரு வாரம் முன்பே வர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

மணி வேலை வரும்போது பலர் யூடியூபில் பிரெஞ்சு முறை வீடியோக்களைப் பார்த்துக் குழம்புகிறார்கள். லூனெவில் என்னும் அந்தப் பிரெஞ்சு முறையில் துணியின் பின்பக்கம் மேலே இருக்கும். மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்து, அடியில் வைத்துத் தைப்பார்கள். நம் வகுப்புகளில் வழக்கமாக மணியை ஊசியிலேயே ஏற்றி, நல்ல பக்கத்தில் தைக்கிறோம். அதனால் மணியின் துளை வழியே ஊசி தடையில்லாமல் போக வேண்டும். சுகர் பீட்ஸ் எனும் பொடி மணிகளில் துளை சின்னது, மெல்லிய பீட் ஊசிதான் சரி. சிக்கிய மணியை வலுக்கட்டாயமாக இழுத்தால் கொக்கி ஒடியும்.

சான்றிதழ் பற்றியும் சொல்லியாக வேண்டும். "எம்எஸ்எம்இ அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்" என்று விளம்பரம் வருகிறது. எம்எஸ்எம்இ என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்; அதற்கான உத்யம் பதிவு என்பது ஒரு தொழிலை நடத்துபவர் தானே விவரம் கொடுத்து இலவசமாகச் செய்துகொள்ளும் பதிவு. அது அந்தப் பயிற்சியின் தரத்தை யாரும் சோதித்ததாக ஆகாது. அந்தத் தாளுக்காகக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நேரலை வகுப்பு உண்மையாகவே காப்பாற்றும் இடம் ஒன்று உண்டு: பிளவுஸில் வேலையைத் தொடங்கும் முன் மார்க்கிங்கைச் சரிபார்ப்பது. கழுத்து வளைவில் தையல் கோட்டை முதலில் வரைந்து, அதிலிருந்து பிளவுஸின் உடல் பக்கமாக அரை அங்குலம் தள்ளித்தான் டிசைன் தொடங்க வேண்டும். கோட்டை ஒட்டி மணி வைத்தால் டெய்லரின் மெஷின் ஊசி அதில் பட்டு உடையும், மணியும் நொறுங்கும், பைப்பிங்கும் உட்காராது. தோளிலும் கைச்சுற்றிலும் இதே இடைவெளி. டிரேஸ் எடுத்ததும், முதல் குத்துக்கு முன்பே, பக்கத்தில் இஞ்ச் டேப்பை விரித்து வைத்துத் துணியைக் கேமரா முன் காட்டுங்கள்; ஆசிரியர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு ஊசியை எடுங்கள்.