தனியார் ஆஸ்பத்திரி செலவுக் கணக்க கவர்மென்ட் வாங்கியே ஆகணும்

குடியாத்தம், காட்பாடி பக்கம் சின்னச் சின்ன நர்சிங் ஹோமுக்கு கணக்கு எழுதிக் குடுக்கறவன் நான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் இவ்ளோன்னு பேக்கேஜ் ரேட் போட்டிருக்காங்க இல்ல, அந்த ஆபரேஷன செய்ய ஆஸ்பத்திரிக்கு நெஜமா எவ்ளோ செலவாகுதுன்னு கேட்டா நான் பாத்த ஓனருங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. ரேட் கட்டுப்படி ஆகலன்றாங்க ஆஸ்பத்திரிக்காரங்க, இதுவே ஜாஸ்தின்றாங்க இன்சூரன்ஸ்காரங்க, கணக்க காட்டுங்கன்னா ரெண்டு பக்கமும் கப்சிப்.

அடிபடறது பேஷன்ட்டு தான். எங்க தெருவுல டேனரில வேலை செய்யற ஒரு அண்ணனுக்கு ஹெர்னியா ஆபரேஷன், கார்டு இருக்கு, அப்ரூவலும் வந்துருச்சு, ஆனா உள்ள வைக்கற மெஷ்ஷுக்கு (வலை மாதிரி சாமான்) தனியா கட்டுங்கன்னு ஒரு துண்டுச் சீட்டுல தொகைய எழுதி அவர் சம்சாரம் கையில குடுத்துட்டாங்க. "கார்டு இருக்கும்போது இன்னாத்துக்கு துட்டு கேக்கறீங்க"ன்னு அந்தக்கா கேட்டுகினே நிக்குது, கவுன்ட்டர்ல பதில் சொல்ல ஆளில்ல. கம்மலை அடகு வச்சுக் கட்டினாங்க. அந்த பேக்கேஜ் ரேட்ல மெஷ்ஷுக்கும் சேத்து காசு வருதா, இல்ல ஆஸ்பத்திரிக்கு நெஜமாவே கையைக் கடிக்குதான்னு யார் எத வச்சு சொல்றது?

2017-18ல எடுத்த தேசிய மாதிரி ஆய்வுல ஒரு தடவை அட்மிட் ஆனா கவர்மென்ட் ஆஸ்பத்திரில சராசரியா 4,452 ரூபா, தனியார்ல 31,845 ரூபான்னு வந்துச்சு. எல்லாரும் இத தான் தூக்கிப் போட்டு சண்டை போடறாங்க. ஆனா அது ஜனங்க கையிலேருந்து போன காசு. ஆஸ்பத்திரிக்கு உள்ள ஆன செலவு அதுல எங்கயும் கிடையாது.

உள்ள கணக்கு எப்படி இருக்கும்னு சொல்றேன். ஓனர் டாக்டர் தனக்குன்னு சம்பளமே எழுத மாட்டார். பில்டிங் அவங்க வீட்டம்மா பேர்ல இருக்கும், வாடகைன்னு ஒரு தொகை போகும், அது நெஜ வாடகையான்னு கேக்க முடியாது. மெடிக்கல் ஷாப் மச்சான் பேர்ல தனி கணக்கு. மயக்க டாக்டருக்கு கேஸுக்கு இவ்ளோன்னு கையில குடுத்துடுவாங்க. அதே நர்ஸ் காலைல ஓ.பி, மத்தியானம் ஓ.டி (ஆபரேஷன் தியேட்டர்), ராத்திரி வார்டு, அந்த ஒரு சம்பளத்த மூணா எப்படிப் பிரிக்கறது? ஓ.டி ரெஜிஸ்டர எடுத்தா ஆரம்பிச்ச நேரம் இருக்கும், முடிஞ்ச நேரம் காலியா இருக்கும். கரன்ட்டு, ஜெனரேட்டர் டீசல், ஆக்சிஜன், மெஷின் தேய்மானம் எல்லாத்தையும் ஒரு ஆபரேஷன் தலைல பிரிச்சுப் போடணும்னா இந்த நேரமும் பெட் கணக்கும் இல்லாம ஒண்ணும் நடக்காது.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி கணக்க வச்சு ரேட் போட்டுடலாமேன்னு சிலர் சொல்றாங்க. 1900ல இடா ஸ்கட்டர் அம்மா ஆரம்பிச்ச மிஷன் ஆஸ்பத்திரி அது, காலேஜ் இருக்கு, இலவச சிகிச்சை இருக்கு, அந்த செலவும் குடியாத்தத்துல இருவது பெட் வச்சிருக்கறவர் செலவும் எப்படி ஒண்ணாகும்? ரெண்டும் வேணும், தனித்தனியா வேணும்.

முடியாத காரியம்லாம் இல்ல இது. சண்டிகர்ல இருக்கற பிஜிஐன்ற மத்திய அரசு ஆஸ்பத்திரி தலைமைல நாடு முழுக்க செலவுக் கணக்கு எடுத்தாங்க, தனியார் ஆஸ்பத்திரியும் அதுல உண்டு, மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு ரேட்ட திருத்தும்போது அத எடுத்துக்கிட்டாங்க. ஜெர்மனில இதுக்குன்னே இன்எக்னு ஒரு நிறுவனம் வச்சு, கணக்கு குடுக்கற ஆஸ்பத்திரிக்கு அந்த வேலைக்கு பணமும் குடுக்கறாங்க. 2017 பிப்ரவரில இதய ரத்தக்குழாய்ல வைக்கற சாதா ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபா, மருந்து தடவின ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபான்னு உச்சவரம்பு போட்டது நல்ல காரியம் தான், ஆனா ஒரு சாமானுக்கு மட்டும் கடிவாளம் போட்டா மத்த தலைப்புல ஏத்திக்க வழி இருக்கே.

ஓனருங்க பயமும் எனக்குத் தெரியும், இன்னிக்கு கணக்கு குடுத்தா நாளைக்கு இன்கம்டாக்ஸ் வாசல்ல நிக்கும்னு. அந்த பயத்த கவர்மென்ட் தான் போக்கணும். ஆஸ்பத்திரி பேர மறைச்சு வாங்கணும், வரி விசாரணைக்கு இத தரமாட்டோம்னு எழுத்துல குடுக்கணும், கணக்கு எழுதற ஆளுக்கு கூலியும் குடுக்கணும். அதுக்கப்புறமும் குடுக்க மாட்டேன்னா காப்பீட்டுத் திட்டத்துல இடம் கிடையாதுன்னு சொல்லணும், வரிப்பணம் வாங்கறவங்க கிட்ட இவ்ளோ கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல. தனியார் ஆஸ்பத்திரிய முறைப்படுத்த 1997லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு, அதுல வருஷா வருஷம் ஒரு செலவு ஃபார்ம் சேத்தா போதும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ல நர்சிங் ஹோம் நடத்தற டாக்டருங்க யாராவது இதப் படிச்சா, உங்க ஆஸ்பத்திரில ஆரம்பிக்க மனசு இருந்தா சொல்லுங்க சார், எந்தெந்த ரெஜிஸ்டர்ல என்ன எழுதணும்னு வந்து உக்காந்து போட்டுக் குடுக்கறேன், காசு வேணாம்.