நான்கு மணி நேரம் மட்டும் உழைத்த பெட்டி

டென்னிஸ் ஆட்டம். ஐந்தாவது செட், ஐந்துக்கு ஐந்து. பந்தைத் தரையில் நான்கு முறை தட்டியவர், நிமிர்ந்து அதை மேலே தூக்கிப் போட்டார். பந்து மேலே போனது; கீழே வரவில்லை. திரை கறுத்தது. "பதிவு முடிந்தது. அழிக்கவா, வைத்திருக்கவா?" என்று என் புதிய ரெக்கார்டர் பெட்டி மிகவும் பணிவாகக் கேட்டது.

அந்தப் பந்து இன்னும் என் வரவேற்பறைக் காற்றில்தான் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முந்தைய இரவு முதல் கைப்பேசியை அணைத்து வைத்தேன், அலுவலகத்தில் "நேற்று மேட்ச்..." என்று வாயெடுத்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன், செய்தி ஓடிக்கொண்டிருந்த திரைகளையெல்லாம் குனிந்த தலை நிமிராமல் கடந்தேன். மாலையில் வீடு வந்து, நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, இரண்டாவது செட்டின் சொதப்பலைக்கூட ஓட்டிவிடாமல் பார்த்ததற்குப் பெட்டி கொடுத்த பரிசு அந்தக் கேள்வி. அதன் கடமையுணர்வைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டம் தொடங்கும் முன் மூன்று நிபுணர்கள் இருபது நிமிடம் ஒருவரையொருவர் ஆமோதித்துக்கொண்டதையும், வீரர்கள் துண்டை மடித்ததையும், ஒரே ஷாம்பு விளம்பரம் பதினொரு முறை வந்ததையும் உயர்தெளிவில், ஒரு புள்ளி சிதறாமல் அது பதிந்து வைத்திருந்தது. விட்டுப்போனது ஆட்டத்தின் முடிவு மட்டும்தான்.

காரணம் எளிமையானது. இந்தப் பெட்டி ஒளிபரப்பைப் பார்ப்பதே இல்லை. நிகழ்ச்சிப் பட்டியலை மட்டும்தான் பார்க்கிறது. பட்டியலில் ஆறு முதல் பத்து வரை டென்னிஸ் என்று எழுதியிருந்தால், பத்து மணியோடு அதன் உலகத்தில் டென்னிஸ் முடிந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்து முடியும் விளையாட்டா அது? 2019 விம்பிள்டன் ஆடவர் இறுதி ஆட்டம் 4 மணி 57 நிமிடம் ஓடியது. அதில் ஃபெடரர் கையில் இருந்த இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகள் பறிபோனதும் அந்த ஐந்தாவது செட்டில்தான். நிகழ்ச்சி தாமதமானால் அதற்கான குறிப்பை ஒளிபரப்போடு சேர்த்தே அனுப்பி, வீட்டிலுள்ள வீடியோ ரெக்கார்டரைக் காத்திருக்க வைக்கும் முறை ஜெர்மனியில் 1980களிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. நாடா சுற்றிய இயந்திரத்துக்கு அன்று இருந்த அறிவு, குரலைக் கேட்டே சேனலை மாற்றும் என்று பீற்றிக்கொள்ளும் இந்தப் பெட்டிக்கு இன்று இல்லை.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை நாற்பது நிமிடம் இசையோடு விளக்கிய பிறகு ஒருவர் பேசினார். "முடியும் நேரத்தை நீங்கள்தான் முன்கூட்டியே நீட்டித்திருக்க வேண்டும், சார்," என்றார். ஆட்டம் எவ்வளவு நேரம் நீளும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தால் நான் ஏன் ஐயா அதைப் பார்க்கப்போகிறேன்? எந்த அளவுக்கு நீட்டிக்கலாம் என்று கேட்டேன். அரை மணி நேரமாம். அதுவும், அதே நேரத்தில் வேறு இரண்டு பதிவுகள் குறுக்கிடாமல் இருந்தால்தானாம். பெட்டியில் இருப்பவை இரண்டே ட்யூனர்கள், அதாவது சேனலைப் பிடிக்கும் கருவிகள். கூடவே, "உங்கள் ஹார்டு டிஸ்க் ஏறக்குறைய நிரம்பிவிட்டது, வேண்டாதவற்றை அழித்துவிடுங்கள்," என்று எனக்கு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார்.

நிரம்பாமல் என்ன செய்யும்? 'தொடர் முழுவதையும் பதிவு செய்' என்ற பொத்தானை ஒரே ஒருமுறை அழுத்தியதற்கு, மறுஒளிபரப்பையும் அதன் மறுஒளிபரப்பையும் சேர்த்து ஒரே அத்தியாயத்தை அது ஏழு முறை வாரிப் போட்டிருந்தது. நேரலையை நிறுத்திவைத்துப் பார்க்கும் வசதி உண்மையிலேயே நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக, யாரும் பார்க்காத வேளையிலும் ஓடும் சேனலை டிஸ்க்கில் எழுதி அழித்து எழுதி அழித்து, பெட்டி இரவெல்லாம் காய்ச்சல்காரனைப் போலச் சூடாக முனகிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மாதச் சந்தா வேறு. சந்தாவை நிறுத்தினால், நான் காத்திருந்து சேர்த்த பதிவுகளை நானே திறக்க முடியாது. பெட்டி பழுதானால் மாற்றுப் பெட்டி தருவார்கள். பதிவுகள் பழைய பெட்டிக்கென்றே பூட்டப்பட்டவை என்பதால் அதோடு போய்விடும். நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமல்ல என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த ஒற்றை வாக்கில் பிழைத்த உரிமைக்குத்தான் இப்போது வாடகை கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சேவைக்கு மாறலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, நேரலை விளையாட்டைப் பதிவதுதான் நோக்கம் என்றால் வேண்டவே வேண்டாம் என்பேன். முடிவை நண்பர் இலவசமாகவே சொல்லிவிடுவார்.

வீட்டுப்பாடத்தை அன்றிரவே முடித்தேன். ஏழு அத்தியாயங்களையும் அழித்தேன். அடுத்து, அம்மா பதியச் சொல்லியிருந்த, பத்து மணிக்கு வந்த கடலாமைகள் பற்றிய ஆவணப்படம். அதே சேனல், ஒரு மணி நேரம். இருந்த கோபத்தில் அதையும் அழித்தேன். "நிச்சயமாகவா?" என்று பெட்டி கேட்டது. ஆம் என்பதை வேண்டிய மட்டும் அழுத்தினேன்.

மறுநாள் காலை அம்மா தொலைபேசியில் வந்தார். "அந்த ஆமைப் படம் உனக்கு ஒழுங்காகப் பதிந்ததா? இங்கே பத்து மணிக்கு வைத்தால் முக்கால் மணி நேரம் யாரோ இரண்டு பேர் பந்துதான் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருத்தன் தரையில் விழுந்து அழுதான், பாவம். அதற்கப்புறம்தான் ஆமையே வந்தது."

எந்த ஒருத்தன் என்று கேட்க வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. "ஏன்டா சிரிக்கிறாய்?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்க, திரையில் பெட்டி ஒரு புதிய அறிவிப்பை நீட்டியது: "போதுமான இடம் உள்ளது. கடலாமைகள் தொடர் முழுவதையும் பதிவு செய்யவா?"