கலந்தவனுக்கு ஒரு வரி இல்லை

அந்த விடுதியில் மாட்டியிருக்கும் பலகையின் படத்தை நேற்று ராத்திரியில் இருந்து ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "பெண்கள் தங்கள் பானங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளவும். நிர்வாகம் பொறுப்பல்ல." ஏழில் ஐந்து பேர் கீழே கைதட்டும் பொம்மை வேறு போட்டிருந்தார்கள். ஒன்பது நாளைக்கு முன்னால் ராத்திரி, நம் கரையில் இருக்கும் அந்த விடுதியில் ஒரு பெண் பிள்ளையின் லெமன் சோடாவில் யாரோ மயக்க மருந்து கலந்துவிட்டான், அது நினைவில்லாமல் மணலில் கிடந்தது. இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. மண்டபத்தில் இருந்து ராமநாதபுரம் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை எந்த ஊர், எங்கே வேலை பார்க்கிறது, அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தது என்பது வரைக்கும் தெரியும். கலந்தவன் யார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதாகவும் தெரியவில்லை.

பேருந்து நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டில் இப்படித்தான் எழுதிப் போட்டிருப்பார்கள், பொருள் காணாமல் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று. ஒரு பிள்ளை நினைவில்லாமல் மணலில் கிடந்த இடத்தில் அதே வாசகத்தை எழுத எப்படிக் கை வந்தது? "அடுத்தவர் டம்ளரில் எதையாவது கலந்தால் போலீசில் ஒப்படைப்போம், இங்கே கேமரா இருக்கிறது" என்று எழுதவும் அதே பெயின்ட்தானே ஆகும்? பலகையில் பெண்களுக்கு ஒரு வரி இருக்கிறது, நிர்வாகத்துக்கு ஒரு வரி இருக்கிறது. கலந்தவனுக்கு ஒரு வரி இல்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன். 1998-ல் என் அப்பா ஒரு கல்யாணச் செலவுக்குப் பணம் எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் சென்னைக்குப் போனார். பக்கத்து சீட்டுக்காரர் நன்றாகப் பேசிக்கொண்டே வந்திருக்கிறார், பிஸ்கட் கொடுத்திருக்கிறார், அப்பாவும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார். தாம்பரத்தில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மோதிரம் இல்லை, பணம் இல்லை, இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்கு எங்கள் பெயரே ஒழுங்காக நினைவுக்கு வந்தது. ஊருக்குத் திரும்பியதும் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் நின்று, அவன் கை அழுகிப்போகும் என்று மண்ணை வாரித் தூற்றியது. ஐம்பது வயது மனுஷன் முன்பின் தெரியாதவன் கொடுத்ததை ஏன் தின்றீர்கள் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. ராத்திரியில் தனியாக ரயிலில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை. அன்றைக்குச் சாபம் முழுவதும் கலந்தவனுக்குத்தான் போனது, போக வேண்டிய இடத்துக்குப் போனது. அதே தெருவில்தான் இப்போது, அந்த நேரத்தில் அங்கே அவளுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள்.

சட்டத்துக்கு பிஸ்கட்டும் ஒன்றுதான், லெமன் சோடாவும் ஒன்றுதான். அப்பா காலத்தில் இ.பி.கோ. 328-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 123. தீங்கு செய்யும் நோக்கத்தோடு மயக்கமோ போதையோ தரும் பொருளை ஒருவருக்குக் கொடுத்தாலே போதும், 10 ஆண்டு வரை சிறை, எளிதில் ஜாமீனில் வர முடியாத குற்றம், செஷன்ஸ் நீதிமன்றத்தில் விசாரணை. அதற்கு மேல் அவன் எதுவும் செய்திருக்கக்கூட வேண்டாம், கலந்ததே குற்றம். அந்தப் பிரிவு ஆணா பெண்ணா, மணி என்ன என்றெல்லாம் கேட்பதில்லை. நாம்தான் கேட்கிறோம்.

"கவனமாக இருக்கச் சொல்வது தப்பா?" என்று இதற்குக் கீழே வந்து கேட்பீர்கள். தப்பில்லை. என் மகளிடம் நானே சொல்வேன், டம்ளரை வைத்துவிட்டுப் போனால் திரும்ப எடுத்துக் குடிக்காதே என்று. அதை நான் சொல்லலாம், அவள் அப்பா சொல்லலாம். காசு வாங்கிக்கொண்டு பானம் விற்கிறவர் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளக் கூடாது. கவுண்டரைப் பார்த்தபடி ஒரு கேமரா, தள்ளாடுகிற பெண்ணைத் தோளில் சாய்த்து ஒருவன் வெளியே கூட்டிப்போனால் "நீங்கள் யார்" என்று கேட்கிற ஒரு காவலாளி, இதெல்லாம் அவர் வேலை. இங்கிலாந்தில் லிங்கன்ஷயரில் 2016-ல் ஒரு ஏற்பாடு ஆரம்பித்தார்கள். ஆபத்து என்று தோன்றினால் கவுண்டரில் போய் "ஏஞ்சலா இருக்கிறாரா" என்று கேட்டால் போதும், ஊழியர்கள் புரிந்துகொண்டு அந்தப் பெண்ணைப் பத்திரமாக வெளியே அனுப்பி வைப்பார்கள். சொல்லிக்கொடுத்தால் இங்கே வேலை பார்க்கிற பையன்கள் செய்ய மாட்டார்களா?

"நம்ம ஊரில் ஏது நைட் லைஃப்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புதுப் பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. ரயிலிலும் காரிலும் வெளியூர்க்காரர்கள் வந்தபடி இருக்கிறார்கள், பாட்டும் விளக்கும் விடிய விடிய ஓடுகிற விடுதிகள் நம் கரையிலும் வந்துவிட்டன. வாடகை மட்டும் வேண்டும், பொறுப்பு வேண்டாமா?

"குடித்துவிட்டு விழுந்திருப்பாள், இப்போது பழி போடுகிறாள்." இதை எழுதியவர் எனக்குச் சொந்தம், பெயர் போடவில்லை. சரி, குடித்தாள் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் குடிப்பது பீர் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அதில் தெரியாமல் பிராந்தியை ஊற்றுவதும் கலப்பதுதான். நம் கல்யாண வீடுகளில் குடிக்காத பையனுடைய கோலாவில் ஊற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பார்களே, அதுவும் கலப்பதுதான். என் தம்பிக்கு அப்படி ஊற்றினார்கள். வாந்தி மூச்சுக்குழாயில் ஏறாமல் அவன் பிழைத்ததே பெரிய காரியம். ஊற்றியவன் இன்றைக்கும் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான்.

பெண் வீட்டோடு இருந்தால் பாதுகாப்பு என்று எழுதியவருக்கும் பதில் சொல்ல வேண்டும். பிரான்சில் ஜிசெல் பெலிகோ என்கிற அம்மாவுக்குச் சாப்பாட்டிலும் பானத்திலும் மாத்திரை கலந்து கொடுத்தது ஐம்பது வருடம் கூட வாழ்ந்த புருஷன். சொந்த வீட்டில். ஆண்டுக்கணக்கில். அந்த அம்மா தனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று டாக்டர் டாக்டராக அலைந்திருக்கிறார். மயங்கிக் கிடந்தவரைப் பலாத்காரம் செய்த வழக்கில், புருஷனும் அவன் வரவழைத்த ஆட்களுமாக 51 ஆண்களுக்கு 2024 டிசம்பரில் தண்டனை கிடைத்தது, புருஷனுக்கு 20 ஆண்டு. இந்தக் கொடுமை வெளியே வந்ததே, அந்தப் புருஷன் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பெண்களைத் தப்பாகப் படம் எடுத்தபோது காவலாளி கவனித்துப் பிடித்ததால்தான். நமக்கென்ன என்று அந்தக் காவலாளி திரும்பிப் போயிருந்தால்?

பதினாறு வருடமாக மெடிக்கலில் நிற்கிறேன். அல்பிரசோலம், டயசெபாம் மாதிரி தூக்கம், பதற்றத்துக்கான மாத்திரைகள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். "அக்கா, சீட்டு வீட்டில் இருக்கு, ஒரு அட்டை மட்டும் குடுங்க" என்று இளவட்டங்கள் வருவார்கள். அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்பார்கள். தர மாட்டேன் என்றால் எங்கள் கடைக்கு ராசியில்லை என்று பேசுவார்கள். அதே அட்டை வேறு எங்கோ கிடைத்துவிடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். மதுவோடு சேர்ந்தால் அந்த மாத்திரை மூச்சையே அமுக்கும். அந்த ராத்திரி அந்தப் பிள்ளை உயிரோடு கிடைத்தது, அதை யாரும் பேசவில்லை.

நேரம் ரொம்ப முக்கியம். ஜி.எச்.பி. என்கிற மயக்க மருந்து சிறுநீரில் சுமார் 12 மணி நேரம்தான் தங்கும், ரத்தத்தில் அதற்கும் குறைவு. வேறு சில மருந்துகள் மூன்று நாள் வரை தெரியும். அதனால் சந்தேகம் வந்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொல்லுங்கள், ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள், குடித்த மிச்சத்தைக் கொட்டாதீர்கள். சோதனையில் ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, நேரம் போய்விட்டது என்றும் இருக்கலாம். வெளியூர்க்காரர் என்றால் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும், எல்லை சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. மயக்கத்தில் அவள் சரி என்று சொல்லியிருந்தாலும் சட்டத்தின் முன்னால் அது சம்மதமே ஆகாது.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்கிற நான்தான், ஆறு வருடத்துக்கு முன்னால் என் சித்தி மகள் அதிகாலையில் போன் பண்ணி, "அக்கா, நேத்து ஜூஸ் குடிச்சதுக்கு அப்புறம் எதுவுமே ஞாபகம் இல்லக்கா" என்று அழுதபோது, குளித்துவிட்டுத் தூங்குடி, யாரிடமும் சொல்லாதே என்றேன். மருந்து படித்தவள் சொன்னேன். அவளைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன், அவள் பெயரை. எனக்கும் அன்றைக்குக் கலந்தவன் கண்ணில் படவில்லை. அவள் அதற்குப் பிறகு என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பலகையைப் பார்த்தபோது அது என் கையெழுத்து மாதிரியே இருந்தது, அதுதான் நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

இன்றோடு ஒன்பது நாள். இந்த மாதிரி இடங்களில் கேமராப் பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்து அதன் மேலேயே புதியது பதிந்துவிடும். பலகையைப் படம் எடுத்து அனுப்பிய ஏழு பேரில் யாராவது, அந்த ராத்திரிப் பதிவை எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று நிர்வாகத்திடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். இல்லையென்றால் நாளைக் காலை கடை திறப்பதற்கு முன்னால் நான் போய்க் கேட்கப் போகிறேன், கூட வருகிறவர்கள் வாருங்கள்.