பச்சைத் தண்ணீருக்கு மருந்து ஊற்றச் சொன்னவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் நேரில் பார்த்தீர்கள். மற்றவர்களுக்குப் புலனத்தில் காணொளி வந்திருக்கும். கிரியான் ஆற்று முகத்துவாரம் பச்சையாகிவிட்டது, செம்பு உப்பான மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றிப் பாசியை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று ஒருவர் பேசியதும் கைதட்டல் எழுந்தது. அந்தப் பாசியிலிருந்துதானே மீனின் உணவே தொடங்குகிறது என்று எழுந்து கேட்டேன். தோட்டத்துப் பிள்ளைக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். சிரித்தவர்களில் என்னுடன் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களும் இருந்தார்கள்.

தெரிந்ததைச் சொல்கிறேன். முகத்துவார நீரில் மிதந்தபடி சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் உயிர்களில் மிகச் சிறியவை இரண்டு மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை. 500 உயிர்களை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. அவற்றுள் ஒன்றான சினெக்கோகாக்கஸ் கடலெங்கும் நிறைந்திருப்பது 1979இல்தான் அறிவியலுக்கே தெரிய வந்தது. நீரைச் செவுளால் வடிகட்டி உண்ணும் கெராங் சிப்பியின் செவுளில்கூட இவ்வளவு சிறியவை சரியாகத் தங்குவதில்லை. ஆகவே இவற்றை முதலில் ஒற்றை உயிரணு கொண்ட வேறு நுண்ணுயிர்கள் தின்கின்றன. அவற்றைத் துடுப்புக்காலிகள் என்னும் பொடி உயிரினங்கள் தின்கின்றன. அவை மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் இரையாகின்றன. உணவு இங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தத் தொடக்கத்தை அழித்துவிட்டு வலையில் மீன் விழவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது?

நீங்கள் ஊற்றச் சொல்லும் செம்பு, சினெக்கோகாக்கஸ் வகையைத்தான் மற்றப் பாசிகளுக்கு முன்பாகத் தாக்கும். பாசி மொத்தமாகச் செத்தால் அதை மட்கச் செய்யும் பாக்டீரியா நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு மீனும் சாகும்.

1976இல் சபாவில் நுண்ணுயிர் பெருகிக் கடல் நிறம் மாறும் செந்நீர்ப் பெருக்கு வந்து சிப்பி நஞ்சாகவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் காரணமான பைரோடினியம் வேறு இனம், இவற்றைவிடப் பல மடங்கு பெரியது. நம் தண்ணீரில் இருப்பது எது என்று நுண்ணோக்கியில் பார்த்தவர் யார்? ஒருவரும் இல்லை. பார்க்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

மீனவர் வயிற்றில் அடிக்கிறேன் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்கள் வயிற்றுக்காகத்தான் பேசுகிறேன்.

என் அம்மா செம்பனைக்கு உரம் போட்டவர். உரம் போட்ட அன்றே மழை அடித்துப் பெய்தால், அது கரைந்து கால்வாயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் கால்வாய் ஆற்றில் சேர்கிறது, ஆறு முகத்துவாரத்தில் சேர்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும் அளவுக்கு மீறி வந்தால் பாசி பெருகத்தான் செய்யும். வீட்டுக் கழிவுநீரும் ஆலைக் கழிவும் சேர்ந்தால் இன்னும் பெருகும். அனுப்பியவர்களைக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. வந்ததைத் தின்று வளர்ந்த உயிரைக் கொல்ல மட்டும் அத்தனை கைகள் உயர்ந்தன. தோட்டத்தில் பிறந்தவள் என்பதால்தான் இது எனக்குத் தெரியும், ஐயா. நீங்கள் இழிவாகச் சொன்ன அந்தத் தோட்டத்தில்தான் ஆற்றுக்குள் என்ன போகிறது என்பதைக் கண்ணால் கண்டேன்.

நீரை எடுத்து நைட்ரேட், பாஸ்பேட், ஆக்சிஜன் அளவுகளைச் சோதியுங்கள். கழிவு எந்தக் கால்வாய் வழியாக வருகிறது என்று மேல்நோக்கி நடந்து பாருங்கள். அதுவரை ஒரு சொட்டு மயில்துத்தமும் அந்தத் தண்ணீரில் விழக்கூடாது.