வாசலை மறிச்சு காடி (கார்) போடாதீங்க
தேவாலயத்துக்கு வர்றவங்க கண்ட இடத்துல காடி நிறுத்துறதப் பத்தி எழுதினதுக்கு நன்றி. மலேசியாவுல கோலசிலாங்கூர் பக்கம் எங்க தாமான்லயும் (குடியிருப்புப் பகுதி) இதே தொல்லைதான். ஞாயிறு காலையில ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் போட்டுடுறாங்க. செம்பனைக் குலை ஏத்துன லோரி வந்தா நகர முடியல.

போன மாசம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல். கேட்டை அடைச்சு ஒரு வெள்ளை மைவி கார், கண்ணாடியில ஜெபமாலை தொங்குது, போன் நம்பர்கூட வைக்கல. ஆம்புலன்ஸ் முனையிலயே நின்னுடுச்சு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கிட்டு ஓடிவந்தாங்க. வயிறு எரியுதுங்க!

வழிய மறிச்சு நிறுத்துறது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் 48ஆம் பிரிவுப்படி குற்றம். பூசை முடிவுல அறிவிப்பு வாசிக்கிறப்போ ஃபாதர் இதையும் சொல்லணும். தமிழ்ப்பள்ளித் திடல் ஞாயித்துக்கிழமை சும்மாதான் கெடக்கு, அங்க காடி நிறுத்தலாமான்னு தலைமையாசிரியர்கிட்ட கேட்டுப் பாருங்க.