பத்து செகண்ட் கிளிப் போட்டால் காப்பிரைட் வராதா?

அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் பற்றிப் பேசும் யூடியூப் சானல் ஒன்றை மூன்று வருடமாக நடத்துகிறேன். போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டான்: "அண்ணா, பத்து செகண்டுக்குள்ள கிளிப் போட்டா காப்பிரைட் வராதுல்ல?" இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

அப்படி ஒரு பத்து செகண்ட் விதி யூடியூபிலும் இல்லை, அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை, ஜப்பான் சட்டத்திலும் இல்லை. "எல்லா உரிமையும் உரியவர்களுக்கே" என்று டிஸ்க்ரிப்ஷனில் எழுதுவதால் அனுமதி கிடைத்துவிடாது. மாட்டாமல் இருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது அதைவிட மோசம். தெரிந்தேதான் செய்தோம் என்பதற்கு நாமே கொடுக்கும் சாட்சி அது.

அப்புறம், கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி அமைப்பு நம் வீடியோவில் ஒரு காட்சியையோ பாட்டையோ கண்டுபிடித்தால் வருவது கிளைம். விளம்பரப் பணத்தை எடுத்துக்கொள்வதா, வீடியோவை முடக்குவதா, சும்மா கவனிப்பதா என்பதை உரிமையாளர் முடிவு செய்வார். ஸ்ட்ரைக் என்பது சட்டப்படி நீக்கச் சொல்லி வருவது. 90 நாளுக்குள் மூன்று வாங்கினால் சானலே போய்விடும். கிளைம் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் 5 நாளுக்குள் மறுத்துவிடுங்கள். கிளைம் வந்த முதல் நாளிலிருந்து வரும் வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். பதில் சொல்ல உரிமையாளருக்கு 30 நாள் உண்டு.

அந்த 30 நாள்தான் கொடுமை. ஒரு தொடரின் பின்னணி ஓவியங்களைப் பற்றி மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு வீடியோ செய்தேன். போட்ட அன்றே ஒரு நிறுவனம் முடக்கியது. மறுத்தேன். 29ஆம் நாள் ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் விடுவித்தார்கள். அதற்குள் அந்தத் தொடரைப் பற்றிய பேச்சே அடங்கிவிட்டது. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

2021 டிசம்பரில் அயர்லாந்து யூடியூபர் ஒருவரின் 150 வீடியோக்கள் வரை ஜப்பானிய அனிமே நிறுவனமான டோயி அனிமேஷன் முடக்கியது. அடுத்த மாதம் அவை திரும்ப வந்தன, ஆனால் ஜப்பானில் மட்டும் பார்க்க முடியாதபடி. விமர்சனத்துக்காக எடுத்தாள்வதற்கு அமெரிக்காவின் நியாயப் பயன்பாடு (fair use) என்ற சட்ட விதிவிலக்கு தாராளமாக இடம் தருகிறது. ஜப்பானில் மேற்கோள் காட்ட இடமுண்டு, அந்த அளவுக்கு விரிந்த விதிவிலக்கு இல்லை. ஒரே வீடியோ ஒரு நாட்டில் சரி, இன்னொரு நாட்டில் தப்பு.

இதற்காக நிறுவனங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 12 எபிசோடை 20 நிமிடத்தில் சொல்லி, முக்கியமான காட்சிகளையெல்லாம் வரிசையாக ஓட்டிக் காசு பார்க்கும் சானல்கள் எத்தனை! திரைப்படங்களை இப்படிச் சுருக்கிப் போட்டவர்கள்மேல் 13 நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2022 நவம்பரில் டோக்கியோ நீதிமன்றம் 50 கோடி யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒரு பார்வைக்கு 200 யென் என்று கணக்கு. அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

நான் பார்ப்பது ஒன்றுதான். என் வீடியோவைப் பார்த்தவர் அந்த அனிமேவைத் தேடிப் போவாரா, இல்லை, இனி அதைப் பார்க்க வேண்டியதே இல்லை என்று இருந்துவிடுவாரா? இரண்டாவது என்றால் அந்தப் பணம் எனக்கு உரியதல்ல, கிளைம் வந்தாலும் வராவிட்டாலும்.

ஆனால் முதல் வகை வீடியோக்களுக்கு ஒரு வழி வேண்டும். ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நின்டெண்டோ 2018இல் தன் விளையாட்டுகளை வைத்து வீடியோ செய்கிறவர்களுக்கு வெளிப்படையாக விதிகளை எழுதியது: சொந்தக் கருத்தும் படைப்பும் சேர்ந்திருக்க வேண்டும், சொன்ன வழிகளில் சம்பாதிக்கலாம். அனிமேவில் இது சுலபமல்ல என்று தெரியும். ஒரு தொடருக்குப் பின்னால் பதிப்பகம், டிவி, இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி என்று ஒரு தயாரிப்புக் குழுவே இருக்கும், எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் தொடர் தொடங்கும்போதே, எத்தனை நிமிடம், எந்த எபிசோட், எந்தப் பாட்டு கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதிவைக்க அவர்களால் முடியும். முடக்கிவிட்டு ஒரு மாதம் மௌனமாக இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

தம்பி, எந்த அனிமே, அந்தக் கிளிப்பை வைத்து என்ன சொல்லப்போகிறாய் என்று எழுதி அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.