ஸ்கேல் திரும்ப வருமா?

ரவி: மேடம், ஏ4 தாள் ஒன்று, செலோ டேப், ஸ்கேல், உயரமான குப்பைக்கூடை.

ஸ்டோர்ஸ் மேடம்: யாருக்கு?

ரவி: எலிக்கு.

மேடம்: (எழுதுகிறார். நிமிரவில்லை. இந்தச் சீட்டில் உட்காருபவர்கள் நிமிர்வதே கிடையாது.) எந்த செக்‌ஷன்?

ரவி: எல்லா செக்‌ஷனுக்கும் போய்வருகிறது.

மேடம்: அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

ரவி: இதுவரை எடுத்ததற்கே போடவில்லை மேடம்.

மேடம்: கையெழுத்து இல்லாமலா? என்ன எடுத்தார்?

ரவி: உங்கள் போன வருட ஸ்டாக் ரிஜிஸ்டரில் பாதி. தின்றுவிட்டது.

மேடம்: (நிமிர்கிறார்) எலியா! அதை முதலிலேயே சொல்வதற்கென்ன?

ரவி: பாரத்தில் பெயர் எழுதியிருக்கிறீர்களே, படித்துப் பாருங்கள்.

மேடம்: எலிப்பொறி வாங்கத்தான் ஃபைல் மேலே போயிருக்கிறதே?

ரவி: சுண்டெலி 3 வாரத்தில் குட்டி போடும். ஃபைல் மாடியேறி இறங்குவதற்குள் அது பேரன் பேத்தி எடுத்துவிடும்.

மேடம்: சரி, இந்தத் தாளை வைத்து என்ன செய்வீர்கள்? நோட்டீஸ் ஒட்டவா?

ரவி: குழாயாகச் சுருட்டி டேப் போட்டு, உருளாமல் அடியைக் கொஞ்சம் தட்டையாக்கி, சுவரோரமாக இருக்கும் மேஜை விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைப்பேன். நுனியில் பிஸ்கட் துண்டு. தாள் 5 கிராம், சுண்டெலி சுமார் 20 கிராம். நுனிக்கு வந்தால் குழாயோடு கவிழ்ந்து கூடைக்குள் விழும்.

மேடம்: எகிறிக் குதித்து வெளியே வந்துவிட்டால்?

ரவி: 30 செ.மீ. வரை தாவும். அதனால்தான் உயரமான கூடை கேட்டேன். அளந்து பார்க்கத்தான் ஸ்கேல்.

மேடம்: ஸ்கேல் திரும்ப வருமா?

ரவி: வரும்.

மேடம்: கூடை?

ரவி: வரும்.

மேடம்: எலி?

ரவி: பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டால் அதுவும் வரும்.

மேடம்: அப்போ மூன்றையும் 'திரும்ப வரும் பொருள்' என்று எழுதிவிடுகிறேன். தாள்?

ரவி: அழுக்காகிவிடும்.

மேடம்: ஒரு பக்கம் அச்சடித்த தாள் தருகிறேன். டேப்?

ரவி: ஒட்டினால் ஒட்டினதுதான்.

மேடம்: அப்போ டேப்புக்குத் தனி இண்டென்ட், மேனேஜர் கையெழுத்தோடு.

ரவி: மேனேஜர் இழுப்பறையில்தான் மேடம் எலி குடியிருக்கிறது. மீட்டிங்கில் மிஞ்சின பிஸ்கட் எல்லாம் அங்கேதான். சரி, டேப் வேண்டாம். ஒரு ரப்பர் பேண்டாவது கொடுங்கள், சுற்றிக்கொள்கிறேன்.

மேடம்: ரப்பர் பேண்ட் ஸ்டாக் இல்லை.

ரவி: போன வாரம்தானே ஒரு டப்பா வந்தது?

மேடம்: எலி கடித்துவிட்டது.